முதுகுக்கு வெயில்

என் வீட்டுப் பின்புறத்தில், நான் போட்ட பெஞ்சில், நான் உட்கார வேண்டுமென்றால் இப்போது என் மகனைக் கேட்க வேண்டும். கேட்டால் செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஆள் இருக்குதுங்கப்பா. திங்கக்கெழம காலியாத்தான் கெடக்கும்" என்கிறான். பல் டாக்டர்கூட இதைவிடச் சீக்கிரம் நேரம் கொடுப்பார் என்று ஒருமுறை சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

ஒரு பெஞ்சுக்கு ஏன் இத்தனை வயிற்றெரிச்சல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆலத்தூர் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்ததும் இப்போது இருப்பதும் வாழவந்தி நாட்டில்; எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, ஒரு கான்கிரீட் வீடு. வீடு கட்டும்போது ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்க வேண்டும் என்ற ஒரே யோசனைதான் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ரோடு வடக்கே இருந்தது, அதனால் வாசலும் வடக்கே வந்தது. மார்கழியில் வாடைக்காற்று யாரையும் கேட்காமல் நேராக உள்ளே வரும். ஒருமுறை சில்லிட்ட சுவர் தை முடிகிற வரைக்கும் சில்லிட்டபடியே இருக்கும். துவைத்துப் போட்ட வேட்டி காய்வதற்குள் கட்டியிருக்கும் வேட்டி அழுக்காகிவிடும். இந்தக் குளிரைத்தான் கீழே இருந்து வருகிறவர்கள் 'சூப்பர் கிளைமேட்' என்கிறார்கள்.

என் மனைவிக்கு முடக்குவாதம். மற்ற மாதங்களில் சமாளித்துவிடுவாள். குளிர்காலக் காலைகளில் விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிராது. டம்ளரைப் பிடிக்க முடியாது, புடவைக் கொசுவத்தைச் செருக முடியாது. தலை வாரிவிட நான் வேண்டும். எனக்கு அந்த வேலை வராது, வகிடு எப்போதும் கோணலாகத்தான் போகும். நாமக்கல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "குளிர் படாம பாத்துக்கங்க, காலைல நல்லா வெயில்ல உக்காரச் சொல்லுங்க" என்றார். உட்கார வைக்கலாம், வெயில் எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. அவர் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

வாசல் பக்கம் வெயில் வராது, வீட்டு நிழல் விழுந்து கிடக்கும். பின்புறம் சமையலறைக் கதவைத் திறந்தால் அப்படியே சரிவு, அதற்குக் கீழே பெரிய பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் சமவெளி. அந்தச் சரிவில் ஒரு பலா மரமும் விறகு அடுக்கும் தவிர எதுவும் இல்லை. நின்றால் கால் வழுக்கும். ஆனால் தெற்குப் பக்கம். மார்கழிச் சூரியன் தெற்கே ஒதுங்கித்தான் போகும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் வீட்டுக்கு அதைப் பொருத்திப் பார்க்க ஓய்வு பெற வேண்டியிருந்தது.

அந்த மார்கழி முழுக்க வெயிலின் பின்னாலேயே அலைந்தேன். பள்ளத்திலிருந்து ஏறி வரும் மூடுபனி பத்து மணி வாக்கில்தான் கலையும். கலைந்ததும் வெயில் எந்த இடத்தில் முதலில் விழுகிறது, பலா நிழல் எங்கே நகர்கிறது, மதியத்துக்கு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து அடையாளத்துக்குக் குச்சி நட்டேன். கைக்குக் கிடைத்தது மரவள்ளிக் குச்சி. மலைக்காரன் கையில் வேறென்ன கிடைக்கும்? மாசியில் ஆசாரி வந்து பார்க்கும்போது என் அடையாளக் குச்சிகள் எல்லாம் துளிர் விட்டிருந்தன. என் மனைவி கதவில் சாய்ந்துகொண்டு, "ஏனுங்க, வெயில நட்டீங்களா கெழங்க நட்டீங்களா?" என்று கேட்டாள். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு குச்சி நட்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஆசாரிக்கு நான் சொன்னது முதலில் விளங்கவில்லை. அவர் காட்டுப்பன்றி விரட்டுவதற்குக் கொல்லைகளில் பரண் போட்டுக் கொடுப்பவர். "சாரு ஊட்டுக்குள்ளயே பன்னி வருதுங்களா?" என்றார். பரண் இல்லை, பலகையில் ஒரு தளம், அதுவும் சமையலறைப் படியோடு ஒரே மட்டத்தில் வர வேண்டும் என்றேன். அவளுக்கு முழங்காலும் சரியில்லை, ஒரு படி இறங்குவதென்றாலும் சுவரைப் பிடிக்க வேண்டும். அதனால் சரிவில் கருங்கல் கால்களை ஊன்றி, அதன்மேல் எங்கள் கொல்லையில் அறுத்த சில்வர் ஓக் பலகைகளை அடித்தோம். மரக்கால் வைத்தால் கரையான் விடாது. பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடைவெளி விட்டோம், பனி ஈரம் கீழே இறங்கிச் சட்டென்று காய வேண்டும் என்பதற்காக. கூரை போடவில்லை. "மழைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. மழைக்கு வீட்டுக்குள் இருப்போம் என்று சொன்னேன். கூரை போட்டுவிட்டு வெயிலைத் தேடுவதற்கா இத்தனை பாடு? பலாவில் ஒரு கிளையை வெட்ட வேண்டியிருந்தது. அது காய்க்கிற கிளை. அதற்காக அவள் என்னிடம் இரண்டு வேளை பேசவில்லை.

பெஞ்சுதான் முக்கியம். அதைத் தளத்தின் தெற்கு ஓரத்தில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, சமையலறைக் கதவைப் பார்த்த மாதிரி பலகையோடு சேர்த்து முடுக்கினோம். ஆசாரி அதை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்தார். வெயில் காய்கிறவர்களுக்கு முதுகில்தான் காய வேண்டும், முகத்தில் அடித்தால் கண் கூசும், தலை வலிக்கும். இது எங்கள் மலையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலை மடக்கிப் போட்டு உட்காரத் தோதாக ஆசனத்தை அகலமாக வைத்தோம். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி. பள்ளத்தில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு? பள்ளம்தான் இருக்கிறது. கதவுக்குள்ளே நான் இருந்தேன்.

காலையில் அவளுக்குக் கை வராததால் சமையல் என் பொறுப்பு. அடுத்த குளிர்காலம் முழுக்க நடந்தது இதுதான்: பனி கலைந்ததும் அவளை மெரூன் ஸ்வெட்டரோடு பலகைக்குக் கூட்டி வந்து உட்கார வைப்பேன். அந்தத் தளத்துக்கு அவள் வைத்த பெயர் பலகை, அவ்வளவுதான். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பேன். அங்கிருந்தே அவள் அதிகாரம் பண்ணுவாள். "கடுகு பொரியட்டுங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?" "உப்புப் போட்டீங்களா, போட்ட மாதிரி நெனச்சுக்கிட்டீங்களா?" வாழ்நாள் முழுக்க வகுப்பை மேய்த்தவனை ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மேய்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. வெயில் முதுகில் நன்றாக ஏறியதும் "அந்த அவரக்காயக் கொண்டாங்க" என்பாள். விரல் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். பிறகு பஸ்ஸில் வரும் பேப்பரோடு நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் சும்மா உட்கார்ந்ததில்லை.

இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. பிறகு எங்கள் மகன் வந்து சேர்ந்தான்.

ஒரே பையன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். ஆளைக் குறைத்தபோது இவனையும் குறைத்துவிட்டார்கள். ஒரு பெட்டியும் இரண்டு பையுமாக வந்தவன் கொஞ்ச நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடுவான், படுப்பான். அவள் தவித்துப்போனாள். ஆனால் தவிப்புக்கு நடுவிலும் மகன் வீட்டில் இருக்கிறான் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்ததை நான் கவனித்தேன். அவன் பத்தாவது முடித்துக் கீழே விடுதிக்குப் போனதிலிருந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தவன். ஒருநாள் காலையில் பல்லைத் துலக்கிக்கொண்டே பின்புறம் வந்தான். பலகையில் நின்று அப்படியும் இப்படியும் பார்த்தான். "அப்பா, இது டெக்குங்கப்பா" என்றான். எனக்குத் தெரியாமல் நான் டெக் கட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே போட்டோ எடுத்தான். வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வருகிறவர்கள் தங்க இடமில்லாமல் திரும்பிப் போகிறார்களாம். வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். பின்னால் இப்படி ஒரு டெக்கை வைத்துக்கொண்டு நாங்கள் அவரைக்காய் உரிக்கிறோமாம். அவன் பேசப் பேசக் கண்ணில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து அவளும் சரி என்றாள், நானும் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லப் பெற்றவர்களால் முடியுமா?

முதல் காரியமாகப் பெஞ்சைத் திருப்பினான். நான் கொல்லைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஆசாரி முடுக்கிய போல்ட்டையெல்லாம் கழற்றிவிட்டு, பெஞ்சைப் பள்ளத்தைப் பார்த்த மாதிரி வைத்திருந்தான்.

"வியூவுக்கு முதுகக் காட்டிட்டு யாராச்சும் பெஞ்சு போடுவாங்களாப்பா? வர்றவங்க பாத்தாச் சிரிப்பாங்க."

"வெயில் மூஞ்சில அடிக்குமேடா."

"கூலிங் கிளாஸ் போட்டுக்குவாங்க."

வெயில் காய்வதற்காகப் பிறந்த பெஞ்சு, கறுப்புக் கண்ணாடி போட்டவர்களுக்கு என்று ஆனது. அடுத்து பலகை மேல் பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்தான். நாங்கள் விரல் இடைவெளி விட்டு, ஈரம் இறங்கட்டும் என்று பார்த்துப் பார்த்து அடித்த பலகை. அந்தப் புல் இரவுப் பனியைக் குடித்துக்கொண்டு மதியம் வரை சொதசொதவென்று கிடக்கிறது. கைப்பிடியைச் சுற்றிச் சீரியல் பல்பு மாட்டினான்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் சனி ஞாயிறு மட்டும்தான். கார்த்திகை பிறந்ததும் வாரம் முழுக்க. குளிரத் தொடங்கினால்தான் அவர்களுக்குச் சீசன். எங்களுக்கு எந்த மாதங்களில் அந்தப் பெஞ்சு வேண்டுமோ, சரியாக அதே மாதங்களில் அவர்களுக்கும் வேண்டும். ஒரு நாள் காலை, வழக்கம்போல அவளைக் கூட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். ஒரு இளம் ஜோடி போர்வைக்குள் உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்து அந்தப் பெண் எழுந்துவிட்டாள். நல்ல பெண்தான், "உக்காருங்கம்மா" என்றாள். அதற்குள் மகன் ஓடி வந்து, அவர்களுக்குக் கேட்காத குரலில், "அம்மா, கெஸ்ட் இருக்கறப்ப இந்தப் பக்கம் வேண்டாமே. அவங்களுக்குப் பிரைவசி வேணும்" என்றான்.

அவள் உடனே திரும்பிவிட்டாள். முழங்கால் வலியோடு அவள் அவ்வளவு வேகமாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. அதன்பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். கேஸ் அடுப்பில் என்ன கணப்பு இருக்கும்? விரல் நிமிர மதியமாகிறது, சில நாள் சாயங்காலமும் ஆகிறது. அவரைக்காயை இப்போது கடையிலேயே உரித்து வாங்கி வருகிறோம்.

மகனோடு சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன். இந்த வீடு யாருக்குக் கட்டியது, அந்தப் பலகை யாருக்குப் போட்டது, உங்கம்மா கையைப் பார்த்தாயா என்றெல்லாம் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பறம் நான் என்னதாங்கப்பா பண்ணட்டும்? மறுபடி கோயம்புத்தூர் போய் எவன் கால்ல விழட்டும்?" என்றான். அவனை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. ஆள் வைத்துக்கொள்ளாமல் எல்லா வேலையும் அவனே செய்கிறான். ஐஸ் தண்ணீரில் போர்வை அலசுகிறான், வந்தவர்களுக்குப் பூரி சுடுகிறான், கழிப்பறை கழுவுகிறான். அவன் கையும் வெடித்துத்தான் கிடக்கிறது.

அவன் போனதும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, உங்களுக்கு வாய் சும்மா இருக்காதுங்களா? கோவிச்சுக்கிட்டுக் கீழ எறங்கிட்டான்னா என்ன பண்ணுவீங்க? இத்தன வருசங்கழிச்சு இப்பத்தான் ஊட்டுல இருக்கறான். எனக்குக் கை வலிச்சா வலிச்சுட்டுப் போகுது, அவன் இருக்கட்டுங்க."

பேரத்தை அவள் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தாள். பெஞ்சைக் கொடுத்து மகனை வாங்கியிருந்தாள். நான் வாயைத் திறந்தால் பேரம் கெட்டுவிடும். நெஞ்சுக்குள் அது அப்படியே கசந்து கிடக்கிறது.

இதோடு முடிந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இந்த மார்கழியில் சென்னைக்காரப் பெண் ஒருத்தி தண்ணீர் கேட்டுச் சமையலறைப் பக்கம் வந்தாள். என் மனைவி முறத்தில் சாமை அரிசி வைத்துக் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது என்னவோ அதிசயமாக இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கவாட்டில் நின்று, பின்னால் மூடுபனி வருகிற மாதிரி போட்டோ எடுத்தாள். எங்கேயோ போட்டாள். எவ்வளவோ பேர் பார்த்தார்களாம். அடுத்த வாரம் வந்தவர்கள் அறைச் சாவியை வாங்குவதற்கு முன்பே, "அந்தப் போட்டோல இருக்கற அம்மா எங்க?" என்று கேட்டார்கள்.

மகன் அன்று மதியம் அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். காரியம் ஆக வேண்டுமென்றால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் உட்காருவான். "அம்மா, காலைல கொஞ்ச நேரம் டெக்ல உக்காருவியா? சும்மா மொறத்த வெச்சுக்கிட்டு. ஒனக்கும் அங்க உக்காந்தாப் பிடிக்குந்தான?"

"உக்காந்தாப் போச்சு கண்ணு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பலகை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் என்பது பத்து மணி இல்லை, ஏழு மணி. வருகிறவர்களுக்கு மூடுபனி வேண்டும். பனி இருந்தால் வெயில் இருக்காது, வெயில் வந்தால் பனி இருக்காது. அந்த மெரூன் ஸ்வெட்டரும் கூடாது. "போட்டோவுல நல்லா வராதும்மா" என்று சொல்லி, ஒரு கைத்தறிச் சேலை வாங்கி வந்து கொடுத்தான். கொசுவம் வைத்துவிட நான்தான் வேண்டியிருந்தது. அக்கறை இல்லாதவன் என்றும் சொல்ல முடியாது. வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி, தினமும் அவனே தண்ணீர் கொதிக்க வைத்து நிரப்பி, முறத்துக்கு அடியில் மடியில் வெளியே தெரியாதபடி வைத்துவிடுகிறான். அதைப் பார்க்கும்போது எனக்கு அவன்மேல் கோபம் வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரிவதில்லை.

போன சனிக்கிழமை ஒரு கூட்டம் வந்திருந்தது. நான் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன். அவள் பெஞ்சில், ஈரப் புல்லில் காலை வைக்க முடியாமல் பாதத்தை மேலே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் இருந்தது முதல்நாளும் அதற்கு முந்தினநாளும் புடைத்த அதே சாமை. அதில் புடைக்க உமியும் இல்லை, பொறுக்கக் கல்லும் இல்லை. மடங்கிய விரல்களால் முறத்தைப் பிடிக்க முடியாமல் மணிக்கட்டால் அணைத்துக்கொண்டு ஆட்டினாள். ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படம் எடுத்தார்கள். "பாட்டி, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றான் ஒருவன். அவனுக்கு என் மகன் வயது இருக்கும். அவள் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க எப்போதும் சிரமம் இருந்ததில்லை. ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு நான் ஓர் அடி வெளியே வைத்தேன். மகன் படத்தின் ஓரத்திலிருந்து கையைக் காட்டி, வேண்டாம் என்றான். அவளும் திரும்பி என்னைப் பார்த்து, அதே மாதிரி, மெல்லத் தலையை ஆட்டினாள். நான் காலை உள்ளே எடுத்துக்கொண்டேன்.

படம் எடுத்து முடித்துவிட்டு அவர்கள் குளிக்கப் போனார்கள். அன்று பனி சீக்கிரமே கலைய ஆரம்பித்தது. பலா இலைகளில் முதலில் வெளிச்சம் பட்டது, பிறகு கைப்பிடியில் இறங்கியது, பிறகு பெஞ்சில். அவள் உட்கார்ந்தபடியே மெல்லத் திரும்பி முதுகை வெயில் பக்கம் கொடுத்தாள். தோள் கொஞ்சம் தளர்வதை இங்கிருந்தே பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் விரல் நிமிரும்.

மகன் பூரித் தட்டுகளோடு வந்தான். "போதும்மா. அவங்க சாப்புட வாராங்க" என்றான், அன்பாகத்தான் சொன்னான்.

நான் வெளியே போனதும் அவள் முறத்தை என்னிடம் நீட்டினாள். கைப்பிடியைப் பற்ற விரல் வரவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்தாள். என்னைக் கடக்கும்போது, ஊரில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிற ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"வெயில் வந்துருச்சுங்க, நான் உள்ள போறேன்."